நீக்கியதை மட்டும் கேட்க ஒரு பொத்தான்

என் இடது காது போன அதே வாரத்தில்தான், நான் பாட்டு வேலைக்கு வைத்திருக்கும் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு வந்தது. கேட்கிறவரைச் சுற்றி எல்லாப் பக்கமும், தலைக்கு மேலேகூட, சத்தத்தைக் கொண்டுபோய் வைக்கலாம் என்பதுதான் அதன் பெரிய பெருமை. விளம்பர வீடியோவில் தாடி வைத்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு பறவை பறப்பதை ரசித்துக்கொண்டிருந்தார். நான் காதுக்குள் ஊசி போட்டுக்கொண்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த மனிதரை வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டு மாடியில் எனக்கு ஒரு ரெக்கார்டிங் ரூம் இருக்கிறது. ஸ்டுடியோ என்று சொன்னால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்துவிடுகிறார்கள் என்பதால் ரூம் என்றே சொல்லிக்கொள்வது. காதுகுத்து அழைப்பு வீடியோவுக்குப் பின்னணி இசை, ஜவுளிக்கடைக்காக ஆட்டோவில் கட்டி ஓட்டும் விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பாட்டு, கோயில் பாட்டு என்று எது வந்தாலும் செய்வேன். குரல்களையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதிந்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்து, எது முன்னால் நிற்கவேண்டும், எது பின்னால், எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று முடிவு செய்வது என் வேலை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஊரே இருக்கிறது. எங்கே கெட்டிருக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் கேட்டுச் சொல்கிற காதுக்குத்தான் இந்தத் தொழிலில் சோறு.

அந்தக் காது ஒரு காலை வேளையில் போனது. என் கணவர் மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையின் ஆபீஸில் வேலை பார்க்கிறார். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் செய்வார். அன்றைக்கு போனை எடுத்துக் காதில் வைத்தால் மறுமுனையில் சத்தமே இல்லை. "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். போன் கம்பெனியை ஒரு பாட்டம் திட்டினேன். இடது பக்க அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரைக் கிளறுவதற்காகப் போனைக் கை மாற்றி வலது காதில் வைத்தபோது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். மறுபடி இடது காதில் வைத்தேன். இல்லை. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தில்லை நகரில் பார்த்த டாக்டர் நரம்பு என்றார். ஏன் என்று கேட்டேன். சிலருக்கு இப்படி ஆகும், காரணம் எல்லா நேரமும் பிடிபடாது என்றார். மருந்தும் ஊசியும் கொடுத்தார். திரும்பக் கேட்குமா என்று கேட்டதற்கு, "வரலாம், வராமயும் போகலாம். பாப்போம்" என்று உண்மையைச் சொன்னார். வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் காதுக்குள் ஒரு குக்கர் விசில் குடிவந்தது, அடுப்பை அணைத்தாலும் நிற்காத விசில்.

ஒரு காது போனால் பாதி சத்தம் குறையும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். போவது திசை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பின்னால் வரும் ஆட்டோ முன்னால் வருவதுபோல இருக்கும். யாராவது கூப்பிட்டால் சம்பந்தமே இல்லாத பக்கம் திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் சாப்பிட உட்காரும்போது, கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு என் வலது பக்கத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். எனக்கு அதில் ஆறுதலும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எனக்கு வயது நாற்பத்தாறு. பிழைக்க வேறு வழி இல்லாமல் இல்லை. வேறு எந்த வேலையும் எனக்குப் பிடிக்காது, அதுதான் விஷயம். இந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா, முடியாதா? ராத்திரி பகல் என்று அந்த ஒரு கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன்.

கையில் ஒரு வேலை பாதியில் நின்றது. காது போவதற்கு முந்தின மாதம்தான் துறையூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஆறு பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் ஊர் அம்மன் திருவிழாவில் முளைப்பாரி எடுப்பார்கள். காப்புக் கட்டிய நாளிலிருந்து மண்சட்டிகளில் நவதானியத்தை முளைக்க வைத்து, தினமும் அதைச் சுற்றிக் கும்மியடித்து, கடைசி நாள் தலையில் தூக்கிப்போய்க் குளத்தில் கரைப்பார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் வண்டியில் மைக் செட் கட்டிப் பாட்டுப் போடுவது வழக்கம். கடையில் வாங்கிய பாட்டுகள்தான் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தன. அதில்தான் அவர்களுக்குக் கோபம்.

"எங்க அம்மன் முன்னாடி நின்னுக்கிட்டு வேற ஊரு அம்மன் பேரச் சொல்லிக் கும்மி கொட்டுறோம்மா. அவ என்ன நெனைப்பா?" என்றார் அந்தக் குழுவின் தலைவி. ஊரில் மாவு மில் வைத்திருக்கும் அம்மாள் அவர். குரல் மில் சத்தத்தைத் தாண்டிப் பழகிய குரல். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

நாலு பாட்டு. அவர்களே கட்டியவை. ரூமில் நின்று தயக்கமில்லாமல் பாடினார்கள், கைகொட்டினார்கள். குலவை போடும் இடம் வந்தபோது ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்ன என்று கேட்டேன்.

"வெறுஞ் சொவத்தப் பாத்து எப்புடிம்மா கொலவ போடறது? நல்லதுக்குத்தான் போடுவோம். சாமிக்குப் போடுவோம். சும்மா மெஷினுக்குப் போடறதில்ல" என்றார் அக்கா.

நியாயம்தானே. பக்கத்திலேயே இருக்கும் என் வீட்டிலிருந்து விளக்கை எடுத்துவந்து, மைக்குக்குப் பின்னால் ஒரு மணையைப் போட்டு, அதன்மேல் ஏற்றி வைத்தேன். அக்கா தன் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து விளக்கின் பக்கத்தில் வைத்தார். பிறகு ஆறு பேரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். சின்ன அறை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மாமி மாடிப்படியில் நின்று, "யாருக்கு விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே எது எந்தப் பக்கம் என்று பிரித்து வைத்துவிட்டேன். அக்காவின் குரல் நடுவில். கைதட்டல் வலது பக்கம். குலவை முழுவதும் இடது பக்கம். கண்ணை மூடிக் கேட்டால் கும்மி வட்டத்தின் நடுவில் நிற்பதுபோல இருக்கும். மிச்ச வேலையைப் பிறகு முடிக்கலாம் என்று மூடி வைத்தேன். அதற்குள் காது போய்விட்டது.

ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுவது என்று, சாஃப்ட்வேர் புதிதாக வந்தால் ஒரு வருஷமாவது தள்ளிப்போடுகிறவள் நான். இந்த முறை உடனே போட்டுக்கொண்டேன். காரணம் பயம். என் காது செய்யாததை அது செய்யட்டும் என்று நினைத்தேன். அந்தப் பதிப்பில் சத்தத்தைப் பறக்கவிடும் வித்தை தவிர வேறு வசதிகளும் இருந்தன. கலந்துபோன ஒரு பதிவைக் குரல் தனி, தாளம் தனி என்று பிரித்துக் கொடுக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று படமாகவே காட்டும். பாட்டுக்குச் சம்பந்தமில்லாத இரைச்சலை எல்லாம் ஒரே பொத்தானில் துடைத்துவிடும். அந்தத் துடைக்கும் பொத்தான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ரூமில் ஏசி சத்தம், பஸ் ஹார்ன், ஸ்டேஷனுக்குள் நுழையும் ரயில் எல்லாம் பாட்டுக்குள் இருந்தன. பொத்தானை அழுத்தினேன். அக்காவின் குரல் கழுவித் துடைத்த வெண்கலப் பாத்திரம்போல வந்து நின்றது.

அப்போது ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் என் இடது காதுக்குள் தகரம் கிழிவதுபோல இரைந்தது. அதனால் எல்லாவற்றையும் சத்தத்தைக் குறைத்து வைத்து ஹெட்போனிலேயே கேட்டேன். குலவை கேட்கவில்லை. கேட்காதுதான் என்று நினைத்துக்கொண்டேன். குலவை இருப்பது இடது பக்கம், என் இடது காது செவிடு, ஆகவே குலவை கேட்கவில்லை. கணக்கு நேராக வந்தது. சந்தேகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலு பாட்டையும் அனுப்பிவிட்டு, பரவாயில்லை, நம்மால் இன்னும் முடிகிறது என்று அன்றைக்கு ரவா கேசரி கிளறினேன்.

காப்புக் கட்டு அன்று மைக் செட்காரர் மரங்களில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு எங்கள் பாட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மத்தியானம் அக்காவிடமிருந்து போன்.

"பாட்டெல்லாம் நல்லாருக்கும்மா. கொலவையத்தான் காணோம்."

"சரியா கேளுங்கக்கா. இருக்கும்."

"ஊரே நின்னு கேட்டுச்சும்மா. பாடறோம், கொட்டறோம், கொலவ போடற எடத்துல கப்புன்னு அடங்கிப் போவுது. பாதில கரண்ட் போன மாதிரி. அம்மனுக்குக் கொலவ இல்லாம எப்புடி?"

எனக்கு உடனே மைக் செட்காரர்மேல் சந்தேகம் வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு ஒயர் மாட்டவேண்டும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நம் ஊர்ப் பக்கம் ஒன்று பிய்ந்துபோயிருந்தால் இன்னொன்றை மட்டும் மாட்டிவிட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. எப்படியும் குழாயில் எல்லாம் ஒன்றாகத்தானே வரப்போகிறது என்று ஒரு நினைப்பு. முன்பு ஒரு கோயிலில் நான் வலது பக்கம் வைத்த நாதஸ்வரம் முழுவதும் இப்படிக் காணாமல் போயிருக்கிறது. ஆகவே அவருடைய நம்பரை வாங்கி, எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தேன்.

"ஏங்க, ஒத்த ஒயர மாட்டிட்டு ஓட்டறீங்களா? இடது பக்க ஒயரு எங்க?"

"இல்லீங்கக்கா, ரெண்டும் மாட்டித்தான் இருக்கு."

"எனக்குத் தெரியாதா உங்க மைக் செட்டெல்லாம்? மாட்டிட்டுப் பேசுங்க."

அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோ அனுப்பினார். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயரும் அழகாக, புதிதாக, செருகியபடி இருந்தன. கீழே ஒரு கும்பிடும் கைகள் வேறு. என் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் கணவர் வந்ததும், கைகால் கழுவக்கூட விடாமல் ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டேன். அவருக்கு இசையில் ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு காதும் இருந்தன. கேட்டு முடித்தும் அவர் என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"கொலவை இல்லயே. எந்தப் பக்கமும் இல்ல."

"எடது பக்கம்?"

"அந்த எடத்துல எடது பக்கமும் ஒண்ணுமே இல்லம்மா."

அன்றைக்கு நான் அழுத அழுகை காது போனதற்குக்கூட அழவில்லை. காது போனது உடம்பின் கஷ்டம். இது வேறு. ஆறு பெண்கள் விளக்குக்கு முன்னால் நின்று போட்ட குலவை என் கையிலிருந்தபோது காணாமல் போயிருக்கிறது, அது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு சத்தம் இல்லை என்பதைக்கூடக் கேட்க முடியாதவள் எதற்கு இந்த நாற்காலியில் உட்காரவேண்டும்?

"மூடிடலாங்க" என்றேன். "ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடலாம்."

சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதருக்கு அது வராது.

"மூடறதுன்னா மூடு. மொதல்ல அந்தப் பொம்பளைங்க கொலவையத் தேடிக் குடுத்துட்டு மூடு" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

மூக்கைச் சிந்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எதைத் துடைத்தது, எப்போது துடைத்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அந்த இரைச்சல் துடைக்கும் கருவியின் மூலையில், அதுவரை நான் தொடாத சின்னப் பொத்தான் ஒன்று இருந்தது. துடைத்துப் போட்டதை மட்டும் தனியாகக் கேட்க வைக்கும் பொத்தான். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கென்றே ஒரு வசதி. அதை அழுத்தினேன். ஹெட்போனைத் தலையில் மாட்டப் போனவள், சட்டென்று அதைத் திருப்பி மாட்டினேன், இடதுக்கானது வலது காதில் வரும்படி. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்குத் தோன்றியிருக்கும்.

முதலில் ஏசியின் உறுமல் வந்தது. ஒரு பஸ் ஹார்ன். ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. யாரோ கண்ணாடி வளையலைச் சரிசெய்துகொண்டார்கள். பிறகு ஆறு பேரும் குலவை போட்டார்கள்.

ஒரு துளி குறையாமல் இருந்தது. பாட்டு இல்லாமல், கைதட்டல் இல்லாமல், குலவை மட்டும். அக்காவின் நாக்கு எங்கே சுழல்கிறது, கடைசியில் யார் மூச்சு வாங்காமல் நீட்டுகிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது. சொல் இல்லாத, உச்சத்தில் நடுங்கும் சத்தம் அது. மைக் கீச்சிடுகிறது என்று நினைத்துச் சாஃப்ட்வேர் அதைப் பெருக்கித் தள்ளியிருக்கிறது. அதை எழுதியவர்களின் வீட்டுக் கல்யாணத்தில் குலவை போட ஆளில்லை போலிருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் செய்தது, தூக்கிப் போட்டதைப் பத்திரமாகவும் வைத்திருந்தது. மறுபடி மறுபடி கேட்டேன். ஒரே காதில்தான் கேட்டேன். அந்த ஒரு காது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். காது போனதையும் சொன்னேன். வேறு யாரிடமாவது கொடுத்து முடித்துத் தரட்டுமா என்றும் கேட்டேன்.

"ஏம்மா, ஒத்தக் காதுதானே போச்சு? இன்னொண்ணு இருக்குல்ல?" என்றார். பின்னால் மில் ஓடும் சத்தம். "எனக்கு மில்லுல நின்னு நின்னு ரெண்டுமே அரைக் காதுதான். அதுக்காகப் பாடாமலா இருக்கேன்? நீயே பண்ணு. விளக்கு ஏத்தி வெச்சது நீதானே."

அவரைத் திட்டவா கும்பிடவா என்று தெரியவில்லை. மைக் செட்காரருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்னங்கக்கா, ஒயரத் தொடைச்சு வெச்ச மாதிரி ஆச்சு" என்று சிரித்தார்.

அந்த வாரம் முழுவதும் வேலை செய்தேன். குலவையைக் கூடையிலிருந்து எடுத்து அதனிடத்தில் வைத்தேன். ஒரு பாட்டு முழுக்க ஹெட்போனை நேராக மாட்டிக் கேட்பேன், பிறகு திருப்பி மாட்டிக் கேட்பேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் நடுவிலேயே வைத்துக் கேட்பேன். மரத்தில் கட்டிய குழாய்க்கு இடது ஏது, வலது ஏது? அந்த ஊரில் இரண்டு காதும் உள்ளவர்களுக்குக்கூடப் பாட்டு இப்படி ஒன்றாகத்தான் போய்ச் சேரப்போகிறது. வட்டத்தின் நடுவில் நிற்பதுபோல என்று நான் முன்பு செய்த ஜோடனை எல்லாம் எனக்காகச் செய்தது. இப்போது குரலும் கைதட்டலும் குலவையும் ஒரே வழியில் வருகின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அது கடினம்.

புதிய பதிப்பில் எனக்கு உண்மையாகவே உதவியது அந்தப் பிரிக்கும் வசதி. மூன்றாவது பாட்டை மட்டும் ஆறு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, கொட்டிக்கொண்டே பாடியிருந்தார்கள். கைதட்டலைக் கூட்டினால் குரலும் கூடும், குரலைக் குறைத்தால் கைதட்டலும் போகும். சாஃப்ட்வேர் அதைப் பிரித்துக் கொடுத்தது. கைதட்டலை டிரம் என்றும், அக்காவின் கண்ணாடி வளையலையும் டிரம் என்றும் பெயர் எழுதி வைத்திருந்தது. பெயர் எதுவாக இருந்தால் என்ன, பிரித்தது சரியாக இருந்தது. சில இடங்களில் படத்தைப் பார்த்துச் செய்தேன், சில இடங்களில் காதால் செய்தேன். எல்லாம் முடிந்தபோதும் எனக்கு நிச்சயம் வரவில்லை. கேசரி கிளறிய அன்றும் நிச்சயமாகத்தானே இருந்தேன்? என் காதை நான் நம்பலாமா கூடாதா என்பதை இந்த ரூமுக்குள் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது என்று புரிந்தது.

முளைப்பாரி கரைக்கும் நாளில், கணவரோடு வண்டியில் கிளம்பினேன். கொள்ளிடத்தைத் தாண்டி, அவர் ஆலையைத் தாண்டி, துறையூர் வரைக்கும் நாலு பாட்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். சின்ன வயதில் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகும்போதுகூட அப்படிப் பயந்ததில்லை.

ஊரில் வெயில் தாழ்ந்திருந்தது. பெண்கள் கோயில் வாசலில் முளைப்பாரியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். வெளிர்மஞ்சளும் பச்சையுமாகப் பயிர் முழ உயரம் வளர்ந்திருந்தது. அக்கா முன் வரிசையில் நின்றார், ஈரக் கூந்தலும் மஞ்சள் புடவையுமாக. என்னைப் பார்த்துத் தலையை ஆட்ட முடியாததால் கண்ணை மட்டும் ஆட்டினார். மைக் செட்காரர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "ஒயரப் பாத்துட்டுப் போறீங்களாக்கா?" என்று கேட்டார். எனக்கு வேண்டியதுதான்.

முதல் பாட்டு தொடங்கியது. குழாய் ஸ்பீக்கருக்கு உரிய கரகரப்போடு அக்காவின் குரல் எழுந்து தெருவெல்லாம் பரவியது. அம்மன் பெயர், அந்த ஊர்ப் பெயர், அந்தக் குளத்தின் பெயர். குலவை வரவேண்டிய இடம் நெருங்கியபோது நான் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வந்தது. மரத்திலிருந்தும் வண்டியிலிருந்தும் குலவை வந்தது. கேட்டதும் ஊர்வலத்தில் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்து குலவை போட்டார்கள், ஸ்பீக்கரில் பாடிய ஆறு பேரும் தங்கள் குலவைக்குத் தாங்களே பதில் போட்டார்கள். எங்கிருந்து எது வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் அங்கே யாருக்குமே தெரிந்திருக்காது. கணவர் என் வலது காதுப் பக்கம் குனிந்து, "வந்துடுச்சு" என்றார். "கேட்டுச்சு" என்றேன்.

நிம்மதியாக இருந்தது. ஆனாலும் அது போன பரீட்சையின் விடை. குலவை இல்லை என்று ஊர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இருக்கிறது என்பதை இப்போது ஊரோடு சேர்ந்துதான் நானும் கேட்கிறேன். இரண்டாவது பாட்டும் போனது. கூடவே நடந்தேன்.

மூன்றாவது பாட்டில், இரண்டாம் அடியின் முடிவில் அக்கா "தாயே" என்று நீட்டி இறக்குவார். அந்த நீட்டலின் வால் வெட்டுப்பட்டிருந்தது. பாட்டைப் பிரித்தபோது சாஃப்ட்வேர் அந்தக் கடைசி மூச்சைக் கைதட்டலோடு சேர்த்து வைத்திருக்கவேண்டும், நான் கைதட்டலைக் குறைத்தபோது அந்த மூச்சும் சேர்ந்து போயிருக்கவேண்டும். இமைக்கிற நேரம்தான். அடுத்த கைதட்டல் வந்து மூடிவிட்டது.

நான் நின்றுவிட்டேன்.

"கேட்டுச்சா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"என்னது?"

வண்டியோரம் ஓடிப்போய் மைக் செட்காரரிடம் கேட்டேன். "இப்ப ஒரு எடத்துல வெட்டுச்சே, கேட்டுச்சா?"

"இல்லீங்கக்கா. நல்லாத்தானே ஓடுது? நெசமா இந்தத் தடவ ஒயரு இல்ல."

ஊர்வலத்தோடு வந்த மேளக்காரரிடமும் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். ஊரில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இத்தனை கூச்சலில், கரகரக்கும் குழாயில், மேளத்துக்கும் குலவைக்கும் நடுவில், அந்த அறுபட்ட வால் எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டது.

குளக்கரையில் முளைப்பாரியை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அக்கா என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஏம்மா அழுவுற? பாட்டுத்தான் நல்லா வந்துச்சே."

"இல்லக்கா. மூணாவது பாட்டுல ஒரு தப்பு இருக்கு" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எனக்குக் கேட்டுடுச்சுக்கா."